உச்சியும் அடிக்கோடும்: பகுப்பாய்வுத் தரவுகள் காட்சியான வரலாறும் வன்னியின் நிலக்கீழ்நீரும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் கிணற்று நீர் பற்றிய ஆய்வறிக்கைகள் 2009இன் பின்னர் எண்ணிக்கையிற் பெருகியுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை ஓர் அட்டவணையிலே வந்து முடிகின்றன. கிணற்றின் இலக்கம், புளோரைட்டு இவ்வளவு, வன்மை இவ்வளவு, கட்மியம் இவ்வளவு என்பன அவ்வட்டவணையின் நிரல்கள். இவ்வெண்கள் எங்கிருந்து வந்தன எனக் கேட்டால், கருவி தந்தது என்பதே விடையாகக் கிடைக்கும். கருவியோ எண்ணைத் தருவதில்லை. அது தருவது நேரத்தோடு ஏறியும் இறங்கியும் செல்லும் ஒரு குறிகையை மட்டுமே. அக்குறிகையைக் கோடாக வரைந்து, கோட்டில் எழும் மேட்டை ‘உச்சி’ என இனங்கண்டு, அதன் கீழே அடிக்கோடு கீறி, இடைப்பட்ட பரப்பை எண்ணாக்கி, எண்ணை மீண்டும் நிறமூட்டிய படமாக்கித் தருவது மென்பொருள். கருவிக்கும் அட்டவணைக்கும் நடுவே நிகழும் இவ்வினைக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை வன்னியின் நீரை முன்வைத்து நோக்குவதே இங்கு நமது முயற்சி.

கருவிகள் வருமுன்னரும் நீரின் குணம் கண்ணுக்குப் புலப்பட்டே வந்தது. கேத்தலின் உட்புறத்திற் படியும் வெண்சுண்ணம் வன்மையைக் காட்டிற்று. உவர் நாக்கிலே தெரிந்தது. பிள்ளைகளின் பற்களிற் படிந்த பழுப்புக் கறை, சுவையோ மணமோ இல்லாத புளோரைட்டைக் காட்டிற்று. எனினும் அது நீரின் குற்றம் என அறியப் பலகாலம் சென்றது. இந்த ‘அளவீடுகள்’ நுண்மையற்றவை எனினும், அளந்தவனும் குடித்தவனும் ஒருவனே என்ற சிறப்பு அவற்றுக்கு இருந்தது.

நவீன நிறமாலையியலின் தொடக்கமும் ஓர் ஊற்று நீரோடு தொடர்புற்றது என்பது சுவையான செய்தி. 1860இல் ஜேர்மனியின் ஐடல்பேர்க் நகரிலே பன்சன், கேர்ச்சோவ் இருவரும் டூர்க்கைம் என்னும் ஊரின் கனிம நீரைச் சுடரிலே தெளித்து, முன்னர் எவரும் கண்டிராத நீலக் கோடுகளைக் கண்டனர். சீசியம் என்னும் புதிய மூலகம் இவ்வாறு அறியப்பட்டது. அதன் உப்பைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 44,000 கிலோகிராம் நீரை வற்றச்செய்ய வேண்டியிருந்தது. கண்ணாற் கண்ட கோட்டுக்கும் கையிற் பிடிக்கக்கூடிய பொருளுக்கும் இடையிலான தூரத்தை இவ்வெண் உணர்த்தும். குரோமற்றோகிராபி எனப்படும் நிறப்பிரிகையும் அவ்வாறே கண்ணின் கலையாகத் தொடங்கியது. வார்சோ நகரிலே பணியாற்றிய ருசியத் தாவரவியலாளர் மிக்கையில் சுவெற், இலைச்சாற்றைக் கல்சியம் காபனேற்று நிரப்பிய கண்ணாடிக் குழாயினூடே செலுத்தி, பச்சையும் மஞ்சளுமான வளையங்களாக அது பிரிவதை 1903இல் எடுத்துரைத்தார். 1906இல் அம்முறைக்குப் பெயரிட்டார். அங்கே வரைபு தேவைப்படவில்லை. குழாயே வரைபாக இருந்தது.

நிறமற்ற பொருள்களையும் பிரிக்கத் தொடங்கியபோதுதான் கண் தோற்றது. 1941இல் மாட்டின், சிஞ் இருவரும் பங்கீட்டு முறை நிறப்பிரிகையை உருவாக்கியது இங்கிலாந்தின் கம்பளித் தொழில் ஆய்வுச் சங்கத்திலே என்பதையும், 1952இல் ஜேம்சும் மாட்டினும் வெளியிட்ட வாயு நிறப்பிரிகையை முதலிற் கைப்பற்றி வளர்த்தவை எண்ணெய்க் கம்பனிகளே என்பதையும் மறத்தலாகாது. எந்த அறிவு எந்த உற்பத்தியின் தேவையால் வளர்ந்தது என்ற வினாவுக்கு இத்துறை நல்ல சான்று. ஆலையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கத் தானே எழுதும் பேனா வேண்டியிருந்தது. நகரும் கடதாசிச் சுருளின்மேல் மை உச்சிகளை வரைந்தது. அவ்வுச்சிகளின் பரப்பைக் காண, ஆய்வுகூட உதவியாளர் கடதாசியைக் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்துத் தராசிலே நிறுத்தனர். இன்றைய மாணவர் இதைக் கேட்டு நகைப்பர். ஆயின் அடிக்கோட்டை எங்கே கீறுவது என்ற தீர்மானம் அப்போது ஒரு மனிதரின் கையில், பென்சிலின் தடமாகக் கடதாசியிலேயே எஞ்சிற்று. பத்தாண்டு கழித்தும் அச்சுருளை விரித்து அத்தீர்மானத்தோடு வழக்காட முடிந்தது.

1960களிலே கணனி நுழைந்தது. 1964இல் சவிற்ஸ்கியும் கோலேயும் இரைச்சல் மிகுந்த குறிகையை எண்முறையால் மென்மைப்படுத்தும் வழியொன்றை வெளியிட்டனர். இன்றுவரை ஏறக்குறைய எல்லா மென்பொருளிலும் அது இடம்பெறுகின்றது. மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே கிளவுஸ் பீமனின் குழுவினர் வாயு நிறப்பிரிகைக் கருவியையும் திணிவு நிறமாலைமானியையும் கணனியோடு இணைத்தனர். இதனால் நேர்ந்த மாற்றம் அடிப்படையானது. முன்னர் ஓர் ஓட்டம் ஒரு கோட்டைத் தந்தது. இப்போது சில விநாடிகளுக்கு ஒருமுறை முழு நிறமாலையொன்று பதிவாகி, ஒரே ஓட்டம் நூற்றுக்கணக்கான நிறமாலைகளைத் தந்தது. நேரம், திணிவு, செறிவு என மூன்று அச்சுகளில் விரியும் இத்தரவு கடதாசிச் சுருளில் அடங்காது. திணிவு ஒன்றை மட்டும் தெரிந்து, அது நேரத்தோடு எவ்வாறு ஏறி இறங்குகின்றது எனக் கணனியைக் கொண்டு வரைவிக்கும் முறையை ஐற்சும் பீமனும் 1970இல் விளக்கினர். காட்சி என்பது அதன்பின் பதிவாக இல்லாமல் தெரிவாயிற்று. எதைக் காட்டுவது என யாரேனும் கேட்டாலன்றி எதுவும் தோன்றாது. 1991இல் லியூ, பிலிப்ஸ் இருவரும் இரு குழாய்களை அடுத்தடுத்து இணைத்து இருபரிமாண வாயு நிறப்பிரிகையை அறிமுகஞ் செய்தபோது, விளைவு சமவுயரக் கோடுகள் கொண்ட நிலப்படம் போலாயிற்று. மலைகளும் பள்ளத்தாக்குகளுமாக, நீலத்திலிருந்து சிவப்புவரை நிறமூட்டப்பட்ட அழகிய படம் அது. நிறமும் நடுநிலையானதன்று. வானவில் நிறவரிசை, தரவில் இல்லாத எல்லைகளைக் கண்ணுக்குத் தோற்றுவிக்கும் என 2007இல் போலன்ட், ரெய்லர் ஆகியோர் எடுத்துக்காட்டினர். அதன்பின்னரும் பலர் அவ்வரிசையையே பயன்படுத்தி வருகின்றனர்; அழகு என்பது பிடிவாதமானது போலும்.

இனி வன்னிக்கு வருவோம். வவுனியாவின் பெரும்பகுதியும் முல்லைத்தீவின் உட்பகுதியும் பழைய பளிங்குருப் பாறையின்மீது அமைந்தவை. மேற்கிலும் வடக்கிலும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் வருகின்றது. கரையோரத்திலே மணலில் நன்னீர் வில்லைகள் உவர்நீரின்மேல் மிதக்கின்றன. பாறைவெடிப்பில் தேங்கிய நீரிலே புளோரைட்டும் வன்மையும் மிகுதல் இயல்பு. 1980களின் நடுப்பகுதியில் சீ. பீ. திசாநாயக்கவும் வீரசூரியவும் வெளியிட்ட இலங்கையின் நீர்ப்புவியிரசாயன நிலப்படத் தொகுதி, உலர்வலயத்தின் இவ்வியல்பை முழுநாட்டு அளவிற் கண்முன் நிறுத்திய முன்னோடி முயற்சி.

புளோரைட்டை எடுத்துக்கொள்வோம். இன்று அதனை அளக்கும் முறைகளுள் ஒன்று, 1975இல் சிமோலும் அவர்தம் துணைவரும் உருவாக்கிய அயன் நிறப்பிரிகை. இம்முறையிலே புளோரைட்டே பெரும்பாலும் முதலில் வெளிவரும். அதற்குச் சற்று முன்னரோ, அதனோடு ஒட்டியோ, மாதிரியின் நீர் தானே ஏற்படுத்தும் பள்ளமொன்று கோட்டிலே தோன்றும். உச்சி அப்பள்ளத்தின் சரிவில் ஏறி நிற்க, அதன் அடிக்கோட்டைப் பள்ளத்தின் அடியிலிருந்து கீறுவதா, தோளிலிருந்து கீறுவதா என்ற கேள்வி எழும். மென்பொருள் தன்னியல்பாக ஒன்றைத் தெரிவுசெய்யும். உலக சுகாதார தாபனத்தின் வழிகாட்டு எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், இலங்கையின் 2013ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரக்கட்டளை 1.0 மில்லிகிராம். செறிவு இவ்வெல்லைகளை அண்டி நிற்கும் கிணறொன்று குடிக்கத்தக்கதா அன்றா என்பது, அந்தச் சிறு கோடு கீறப்படும் இடத்தைப் பொறுத்து மாறக்கூடும். அட்டவணையிலே அக்கோடு தெரியாது. பென்சிலால் கீறிய காலத்தில் தெரிந்தது.

ஆசனிக்கின் நிலை இன்னும் சிக்கலானது. 1983இல் சந்தைக்கு வந்த பிளாஸ்மா வகைத் திணிவு நிறமாலைமானி, நீரிலுள்ள மூலகங்களை மிக நுண்ணிய அளவிலும் அறிய உதவுகின்றது. ஆகன் வாயுவின் பிளாஸ்மாவிலே மாதிரி அயனாகி, திணிவுவாரியாக எண்ணப்படும். ஆசனிக்கு இயற்கையில் ஒரே சமதானியாக, திணிவெண் 75இல் மட்டுமே உண்டு. நீரிலே குளோரைட்டு இருப்பின், பிளாஸ்மாவின் ஆகன் 40உம் குளோரீன் 35உம் சேர்ந்து அதே 75இல் வந்து நிற்கும். கருவி இரண்டையும் வேறுபடுத்தி அறியாது. வேறொரு சமதானியைக் கொண்டு சரிபார்க்கவும் ஆசனிக்கிலே வழியில்லை. எனவே திணிவு 77ஐ நோக்கி, அங்கே குளோரீன் 37இனால் வரும் பங்கைக் கணித்து, 75இலிருந்து உரிய அளவைக் கழிக்கும் சமன்பாடு மென்பொருளிலே பொதிந்துள்ளது. பிற்காலக் கருவிகளில் மோதற்கலம் என்னும் அமைப்பும் சேர்ந்தது. உலர்வலயத்திலும் கரையோரத்திலும் குளோரைட்டு மிகுதி. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர் முல்லைத்தீவுக் கரையோரக் கிணறுகள் உவரேறியதை நாம் அறிவோம். இத்தகைய நீரில் ஆசனிக்கு இவ்வளவு என்று அச்சிடப்படும் ஓரெண், கழித்தல் நிகழ்ந்ததா, எவ்வாறு நிகழ்ந்தது என்ற செய்தியின்றி ஏறத்தாழப் பொருளற்றது.

இது கருவிநுட்பம் பற்றிய சில்லறை விவாதமாயின் இத்தனை பக்கம் தேவையில்லை. 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்தின் மதவாச்சி, பதவியா முதலிய இடங்களில் விவசாயிகளைப் பீடித்துவரும், காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் மாகாண எல்லையை மதிக்கவில்லை. மதவாச்சியை அடுத்துள்ள வவுனியாவும் நோய் கண்ட மாவட்டங்களுள் ஒன்று. வயலிலே வேலை செய்யும் வயதினரான ஆண்களே மிகுதியாக வீழ்ந்தனர். நோயின் காரணத்தைத் தேடிய வரலாறு, பெருமளவுக்கு, நிறமாலைகளையும் உச்சிகளையும் வாசித்த வரலாறே. 2011இல் களனிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் சிலர் ஆசனிக்கைச் சுட்டியபோது கடும் விவாதம் எழுந்தது. சுகாதார அமைச்சும் உலக சுகாதார தாபனமும் இணைந்து நடத்தி 2013இல் வெளியான ஆய்வு, நோயாளரின் சிறுநீரிலே கட்மியம் மிகுந்திருந்ததை முன்வைத்தது. பின்வந்த ஆய்வுகள் சில அதனோடு உடன்படவில்லை. 2014இல் கிளைபோசேற்று என்னும் களைநாசினியையும் நீரின் வன்மையையும் இணைத்துக் கருதுகோள் ஒன்று எழுந்தது. அக்களைநாசினி 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டு, 2022இல் தடை நீங்கியது. தனியொரு காரணி என எல்லோரும் ஏற்ற முடிவு இன்றுவரை இல்லை. இவ்வாதங்களில் எது சரி என்பதைத் தீர்ப்பது நம் நோக்கமன்று. நாம் சுட்ட விரும்புவது வேறு: இவ்வாதங்களிலே எதிரெதிராக நின்றவை முடிவெண்களே. ஒருவரின் மூலக்குறிகையை மற்றவர் எடுத்துத் தம் கணனியில் விரித்து, ‘இவ்வடிக்கோட்டை ஏன் இங்கே கீறினீர்?’ எனக் கேட்கும் நிலை பெரும்பாலும் ஏற்படவில்லை. நோயாளிக்கோ, எண்ணும் கிட்டவில்லை. தடையும் தளர்வும் மாத்திரமே கிட்டின.

வன்னிக்கு வெளியே, குடாநாட்டிலிருந்தும் ஒரு சான்று தரலாம். சுன்னாகம் அனல்மின் நிலையச் சூழலிலே கிணறுகளில் எண்ணெய் கலந்ததாக எழுந்த முறைப்பாட்டின்போது, முரண்பட்ட அறிக்கைகள் வெளிவந்தன. மக்கள் நீரின்மேல் மிதந்த படலத்தைக் கண்ணாற் கண்டனர்; அறிக்கைகளோ தமக்குள் உடன்படவில்லை. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு 20 மில்லியன் ரூபா இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. எண்ணெய் வகைகளை வாயு நிறப்பிரிகையிலே இட்டால், ஒழுங்கான இடைவெளியில் எழும் உச்சிகளும், அவற்றின் கீழே பிரிபடாத கலவை தோற்றுவிக்கும் அகன்ற திமிலும் தெரியும். எந்த எண்ணெய், எவ்வளவு காலம் மண்ணிற் கிடந்தது என்பதற்கு அவ்வுருவம் கைரேகை போன்றது. ‘எண்ணெயும் கொழுப்பும் இவ்வளவு’ என்னும் ஒற்றை எண்ணிலே அவ்வுருவம் அழிந்துபோகின்றது.

வன்னியின் குறை இதனினும் ஆழமானது. ஏனைய பிரதேசங்களிலே தரவு தவறாக வாசிக்கப்பட்டிருக்கலாம். இங்கே நீண்டகாலம் தரவே இல்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் எரிபொருளும் மின்கலமும்கூட வன்னிக்குள் தாராளமாகச் செல்லவியலாதிருக்க, நிறமாலைமானியைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. பரந்தனிலே ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரீனும் உற்பத்தி செய்து, நாட்டின் குடிநீரைத் தூய்மைப்படுத்த உதவிய அரச இரசாயனத் தொழிற்சாலையும் போரினால் நின்று அழிந்தது. நாட்டின் நீரைத் தூய்மையாக்கிய மண், தன் நீரை அளந்தறிய வழியற்றுக் கிடந்தது. 1990இல் கிளிநொச்சியிலே தொடங்கப்பெற்ற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடமும் இடம்பெயர்ந்தது. அக்காலத்தில் வெளிவந்த நாடளாவிய நிலக்கீழ்நீர் ஆய்வுகள் பலவற்றில் வடபுலத்து மாதிரிகள் அரிதாகவோ இல்லாமலோ உள்ளன.

ஆயினும் நிலப்படத்திலே வெறுமை தெரிவதில்லை. தென்னாபிரிக்கப் பொற்சுரங்கங்களில் பொன்னிருக்கும் இடத்தை மதிப்பிட டானி கிரிக் என்பார் 1951இல் வகுத்த முறை, பின்னர் பிரெஞ்சு அறிஞர் மத்தரனால் விரிவாக்கப்பட்டு, இன்று எல்லா நிலப்பட மென்பொருளிலும் ஒரு பொத்தானாக அமைந்துள்ளது. மாதிரி எடுத்த புள்ளிகளுக்கு இடைப்பட்ட நிலத்தின் மதிப்பை அது ஊகித்து நிறமூட்டும். எந்த ஊகத்துக்கு எவ்வளவு வழு உண்டு என்பதையும் அம்முறை தனியாகக் கணித்துத் தரும். அவ்வழுப்படத்தை அச்சிடுவோர் சிலரே. இதனால் ஒரு கிணறுகூடப் பரிசோதிக்கப்படாத பரப்பும், பல கிணறுகள் பரிசோதிக்கப்பட்ட பரப்பும் ஒரே மென்மையான நிறத்தில் அருகருகே கிடக்கலாம். போர் அளக்கவிடாத நிலத்தை மென்பொருள் அளந்துவிட்டதாகத் தோன்றச் செய்கின்றது. வெறுமை வெறுமையாகவே அச்சிடப்பட்டிருப்பின், அது ஏன் வெறுமை என்று யாரேனும் கேட்டிருப்பர்.

மென்பொருளின் உடைமை பற்றியும் கூறவேண்டும். கருவிக் கம்பனிகள் தத்தம் கருவியோடு தத்தம் மென்பொருளை விற்றன. தரவு அவ்வவ் மென்பொருளில் மட்டுமே திறக்கும் மறைவடிவிலே சேமிக்கப்பட்டது. அனுமதிக்காலம் முடிந்தாலோ கருவி பழுதானாலோ, சொந்த நீரின் தரவைத் தானே திறக்கமுடியாத நிலை பல ஆய்வுகூடங்களுக்கு நேர்கின்றது. இதற்கெதிரான முயற்சிகளும் அறிவியலாளரிடமிருந்தே எழுந்தன. 1988இல் நிறமாலைகளைப் பரிமாறிக்கொள்ள ஜேகாம்ப்–டிஎக்ஸ் என்னும் திறந்த வடிவம் வகுக்கப்பட்டது. 2006இல் எக்ஸ்சிஎம்எஸ், எம்இசட்மைன் ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் பற்றிய கட்டுரைகள் வெளிவந்தன. 2010இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெனிக், ஓடர்மற் இருவரும், வெவ்வேறு கம்பனிகளின் கோப்புகளை ஒரே இடத்தில் திறக்கும் நோக்குடன் ஓப்பன்குரோம் என்னும் மென்பொருளை அறிமுகஞ் செய்தனர். அடிக்கோடு எந்த விதியால் கீறப்பட்டது என்பதை இவற்றின் நிரலை வாசிப்பவர் எவரும் அறியலாம். மாற்றிக் கீறியும் பார்க்கலாம். கத்தரிக்கோற் காலத்தின் பென்சில் தடம், வேறொரு வடிவிலே மீண்டுள்ளது எனலாம். கட்டற்ற மென்பொருளை மிகைப்படுத்தவும் வேண்டியதில்லை. மாதிரி ஒழுங்காக எடுக்கப்படாவிடின், போத்தல் கழுவப்படாவிடின், எந்த மென்பொருளும் உதவாது.

விவசாய பீடம் போருக்குப் பின்னர் கிளிநொச்சிக்கு மீண்டு, அறிவியல் நகரிலே பொறியியல், தொழினுட்ப பீடங்களோடு இயங்குகின்றது. வவுனியா வளாகம் 2021 ஆகத்து 1ஆம் நாள் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கருவிகள் விலை மிக்கவை. சில மாதிரிகள் தொடர்ந்தும் கொழும்புக்கும் பேராதனைக்கும் போகவேண்டியே இருக்கும். மாதிரியோடு போகும் படிவத்திலே ஒரு வரியைச் சேர்ப்பதற்கு விலையில்லை: முடிவெண்ணோடு மூலக்கோப்பும் திறந்த வடிவிலே திருப்பித் தரப்படல் வேண்டும் என்பதே அது. அவ்வாறு திரும்பும் கோப்புகளைக் கிணறு, நாள், மாதிரி எடுத்தவர் என்னும் விவரங்களோடு ஓரிடத்திற் பேணினால், நாளை எழும் புதிய கருதுகோள் ஒன்றுக்காகப் பழைய நீரை மீண்டும் அள்ள முடியாதாயினும், பழைய குறிகையை மீண்டும் வாசிக்கலாம். முழு நிறமாலையும் பதிவான கோப்பிலே, இன்று எவரும் தேடாத பொருளின் உச்சியும் ஏற்கெனவே பதிந்து கிடக்கக்கூடும். ஜேகாம்ப்–டிஎக்ஸ் கோப்பு வெறும் எழுத்துகளாலும் எண்களாலும் ஆனது. 1988இல் எழுதப்பட்டதாயினும், எந்தக் கம்பனியின் அனுமதியுமின்றி, கிளிநொச்சியிலுள்ள பழைய கணனியொன்றிலும் அது இன்று திறக்கும்.